மாறிப்போன கொடிகள்

எண்பதுகளின் கடைசியில் பிரிட்டனில் பையன்கள் இரண்டு கட்சி. அமிகா கட்சி, அடாரி எஸ்டி கட்சி.

இரண்டும் கம்ப்யூட்டர்தான். இரண்டுக்குள்ளும் ஓடியது ஒரே மோட்டோரோலா 68000 சிப். ஆனால் பேச்சைக் கேட்டால் ஜென்மப் பகை. 'எங்களுக்கு 4096 நிறம், உங்களுக்கு வெறும் 512' என்பான் ஒருவன். 'எங்கள் பெட்டியில் கீபோர்டை நேராகச் சொருகி பாட்டு போடலாம், உன்னால் முடியுமா?' என்பான் மற்றவன்.

சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அப்பா ஒருமுறைதான் வாங்கித் தருவார். இதற்கு எழுதிய புரோகிராம் அதில் ஓடாது. பக்கத்து வீட்டுப் பையனும் நம் கட்சியில் சேர்ந்தால்தான் ஃப்ளாப்பி கைமாறும். வாங்கியது தப்பு என்று மனசுக்குள் தோன்றினாலும் வெளியே சொல்ல முடியுமா?

விஷயம் என்னவென்றால், இவர்கள் தூக்கிப் பிடித்த கொடிகளே இடம் மாறிப் போனவை.

ஜாக் ட்ராமியெல் என்று ஒரு மனிதர். போலந்து யூதர். ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்து, டைப்ரைட்டர் ரிப்பேரில் தொடங்கி கமடோர் கம்பெனியை வளர்த்தவர். 1982ல் வந்த கமடோர் 64 அவர் காலத்துப் பெட்டி. 1984 ஜனவரியில் நிர்வாகத்தோடு தகராறு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஜூலையில் யாரை வாங்கினார்? பரம எதிரியான அடாரியின் கம்ப்யூட்டர் பிரிவை! கமடோரில் இருந்த ஷிராஸ் ஷிவ்ஜி உள்ளிட்ட எஞ்சினியர்களும் பின்னாலேயே வந்தார்கள். எஸ்டியை உருவாக்கியது அவர்கள்தான்.

அந்தப் பக்கம்? அமிகாவின் மூளை ஜே மைனர். பழைய அடாரி சிப்புகளைச் செய்தவர். அவருடைய குட்டிக் கம்பெனி பணமில்லாமல் தவித்தபோது 5 லட்சம் டாலர் கைமாற்று கொடுத்ததும் அடாரிதான். கடனை அடைத்த கையோடு கம்பெனி கமடோரிடம் போய்விட்டது. கோர்ட், கேஸ் எல்லாம் தனிக்கதை.

ஆக, அடாரிக்காரர் செய்த பெட்டியில் கமடோர் முத்திரை. கமடோர்காரர்கள் செய்ததில் அடாரி முத்திரை. இரண்டும் 1985ல் கடைக்கு வந்தன.

பிரிட்டனில் 1988ல் இரண்டு கட்சிக்கும் பொதுவாக 'எஸ்டி/அமிகா ஃபார்மட்' என்றொரு பத்திரிகை வந்தது. மறுவருஷமே பாகப்பிரிவினை, ஆளுக்கொரு பத்திரிகை.

1994 ஏப்ரலில் கமடோர் திவால். 1996ல் அடாரி ஒரு ஹார்டு டிஸ்க் கம்பெனியோடு கரைந்துபோனது. 'அமிகா ஃபார்மட்' மட்டும் 2000 வரை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.