தொண்ணூற்றெட்டுக் குடிகளின் உடன்படிக்கை

எங்கள் வாலிகண்டபுரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர்க்காரர்கள் இரண்டு செய்திகளைச் சொல்வார்கள். ஒன்று, வாலி பூசித்ததாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயில். மற்றொன்று, 1751-ல் ரஞ்சன்குடிக் கோட்டையருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்காக மோதிய சண்டை. வகுப்பறையில் நான் இவற்றோடு நிறுத்தியதில்லை. இந்த வட்டாரத்துக் குடிகள் தாங்களே கூடித் தங்களுக்கென ஒரு சட்டம் வகுத்து, அதைக் கல்லில் வெட்டிவைத்த கதையைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க மனம் வராது.

பெரம்பலூரைத் தாண்டிப் பாடாலூரில் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர். அங்கே மூன்றாம் குலோத்துங்கனின் நாற்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, காலம் 1218. கல்வெட்டுத் துறையினர் 1912-ல் படியெடுத்தவற்றுள் இது 489-ஆம் எண். சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த காலத்தில், இதில் பேசுகிறவர்கள் இடங்கை அணியின் தொண்ணூற்றெட்டுக் குடியினர். காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினிக் குண்டத்திலிருந்து தோன்றினோம், அரிந்தமச் சக்கரவர்த்தி காலத்தில் முனிவர்களுக்குக் குடையும் செருப்பும் சுமந்து வந்தோம், திருவெள்ளறை, பாச்சில், திருப்பிடவூர், ஊட்டத்தூர், காரைக்காடு ஆகிய ஊர்களில் குடியமர்ந்தோம் என்கிறார்கள். முன்னோரின் சான்றுகள் காட்டிலும் புதரிலும் தொலைந்துபோனதால் எங்கள் வரலாற்றை அறியாதிருந்தோம் என்றும் சொல்கிறார்கள்.

அடுத்து வருவதுதான் உயிரான பகுதி. இனி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் நடப்போம். ஒருவருக்கு வரும் நன்மையும் தீமையும் எல்லோருக்கும் உரியது. இடங்கையாருக்கு இழுக்கு நேர்ந்தால் உரிமை நிலைபெறும்வரை சேர்ந்து நிற்போம். வழக்குத் தீர்க்கக் கூடும்போது கொம்பும் குடையும் இருக்க வேண்டும். மீறினவர் சுருதிமானாக, அதாவது நம் குடியைச் சேர்ந்தவராக, ஏற்கப்படமாட்டார். எதிர்த் தரப்பின் அடிமையாகவே கருதப்படுவார். கருணையும் கடுமையும் அருகருகே நிற்கும் சட்டம் இது.

1218-ல் இப்படிக் கூட வேண்டிய தேவை என்ன? தமிழ்க் கல்வெட்டுகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா தந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மலையிலும் காட்டிலும் வாழ்ந்து, சோழர் படையில் சேர்ந்து, பிறகு உழவில் கால் ஊன்றியவர்கள் மேலெழுந்த காலம் அது. சமூகத்தில் இடம் கேட்கிறவர்களுக்கு ஒரு பூர்வ கதையும் கட்டுக்கோப்பும் தேவைப்பட்டன.

இருநூறு ஆண்டு கழித்து, 1429-ல், இதே குடிகளின் குரல் வெள்ளாற்றங்கரை ஆடுதுறைக் கல்வெட்டில் கேட்கிறது. இது தஞ்சைப் பக்கத்து ஆடுதுறை அல்ல, எங்கள் பெரம்பலூர் மாவட்டத்து ஆடுதுறை. விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம். வரிச்சுமையும் அரசு அலுவலர்களின் கெடுபிடியும், பிராமண வெள்ளாள நிலவுடைமையாளர்களின் நெருக்கடியும் பொறுக்க முடியாமல் போயின. அதுவரை எதிரெதிராக நின்ற வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்றாகக் கூடி, ஒடுக்குகிறவர்களுக்குத் துணை போவதில்லை, கணக்கு எழுதித் தருவதில்லை என்று முடிவெடுத்தன. விருத்தாசலம், திருவைகாவூர், கொறுக்கை என்று பல ஊர்களில் அதே ஆண்டில் இத்தகைய கல்வெட்டுகள் எழுந்தன. அரசன் பெயரால் வந்த ஆணைகள் ஆயிரம் உண்டு. குடிகளே எழுப்பிய இத்தகைய மறுப்பு அரிது.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1652-லும் 1707-லும் சென்னைப்பட்டணத்தில் வலங்கையும் இடங்கையும் தெருவுக்காகவும் ஊர்வலத்துக்காகவும் மோதிக்கொண்டன. கும்பினி ஆளுநர் தாமஸ் பிட் நடுவில் வந்து தெருக்களைப் பிரித்துக் கொடுக்கும் நிலை வந்தது. சேர்ந்து நின்றபோது வரியை எதிர்த்தார்கள். பிரிந்து நின்றபோது வெள்ளைக்காரனிடம் தெரு கேட்டார்கள்.

இன்று சாதிச் சங்க மேடைகளில் அக்கினிக் குண்டத்துப் பெருமை பேசுவதைக் கேட்கிறேன். பெருமைப்பட வேண்டியது நெருப்பில் பிறந்ததற்காக அல்ல. ஒருவரின் துன்பம் எல்லோருடையது என்று எழுதிவைத்ததற்காக.

ஊர்ப் பெரியவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. கோயில் திருப்பணி தொடங்குமுன் சுவரிலும் அதிட்டானத்திலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மணல் வீசித் தேய்ப்பதற்கும் டைல்ஸ் ஒட்டுவதற்கும் முன்னால் கல்வெட்டுத் துறைக்குத் தகவல் கொடுங்கள். அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி பாட ஆளிருந்தது. நம் பாட்டன் பூட்டனுக்கு அந்தக் கல் ஒன்றுதான் சாட்சி.