ஆணியில்லை என்பதா அதிசயம்?

ரஷ்யாவின் கரேலியாப் பகுதியில், ஒனேகா ஏரியின் கிஷித் தீவில் 1714இல் எழுந்தது மறுரூப ஆலயம். இந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது, ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டியது என்பதைத்தான். இனி இதுபோல் ஒன்று எழக்கூடாதென்று நெஸ்தோர் என்ற தச்சர் தன் கோடரியை ஏரியில் வீசிய கதையும் கூடவே வரும். இந்தப் புகழ்ச்சி தச்சர்களின் அறிவைத் தவறான இடத்தில் தேடுகிறது. 22 குவிமாடங்களைப் போர்த்தியிருக்கும் ஆஸ்பென் மரச் செதில்கள் ஆணியடித்தே பொருத்தப்பட்டவை. சுவரில் ஆணி இல்லாததும் இந்த ஆலயத்துக்கே உரிய சிறப்பல்ல. முழு மரங்களைப் படுக்கையாக அடுக்கி, மூலைகளில் ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று அமரும்படி வெட்டிப் பொருத்துவது வட ரஷ்யக் குடியானவரின் வீட்டிலும் களஞ்சியத்திலும் உள்ள வழக்கம்தான்.

உண்மையான மேன்மை, மரம் கெடும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டியதில் இருக்கிறது. நடுவே எண்கோணக் கூடம், நான்கு பக்கமும் சிறகுகள், மேலே படிப்படியாகச் சிறுக்கும் எண்கோணங்கள் என்று ஆலயம் 37 மீட்டர் உயர்கிறது. அடுக்கடுக்கான கூரைகள் மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளிவிடுகின்றன. அவற்றையும் மீறி ஒழுகும் நீரை உள்ளே மறைந்திருக்கும் இன்னொரு கூரை வாங்கி வெளியேற்றுகிறது. ஒழுகாது என்று நம்பியவர்கள் இரண்டாவது கூரையை வைத்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் 1980களில் உள்ளே எஃகுச் சட்டகம் நிறுத்தித் தாங்கவேண்டி வந்தது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சட்டகம் சரிவைத் தடுத்ததே தவிர, உளுத்த மரத்தைச் சீராக்கவில்லை. 2020இல் முடிந்த சீரமைப்பில் மேலடுக்குகளைத் தூக்கி நிறுத்தி, கீழிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி, கெட்ட மரங்களை மாற்றி மீண்டும் பூட்டினார்கள். தூக்கிய கருவி புதிது. உளுத்த அடிமரத்தை வீட்டைத் தூக்கி மாற்றும் முறையோ கிராமத் தச்சருக்குப் பழையது. கழற்றிப் பூட்டும் கட்டமைப்பு இல்லையென்றால் எந்த எஃகாலும் அது நடந்திருக்காது. மரம் மாறிய பின் அது பழைய ஆலயம்தானா என்ற ஐயமும் எழும். நல்ல மரங்களைக் காத்து, கெட்டவற்றை மட்டும் அதே வெட்டுமுறையில் மாற்றும்போது கட்டிடத்தோடு தொழிலும் பிழைக்கிறது. பழமையை மரத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்கு 1714இன் கைத்திறன் பாதிதான் தெரியும்.