நனைந்த வீதியும் பழி சுமந்த சாரதியும்

மழைக்காலத்தில் செய்திப் பிரிவில் இரவுப் பணி பார்த்த எவருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கும். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியை விட்டு விலகி மரமொன்றுடன் மோதியதில்" என்று அது தொடங்கும். ஊரின் பெயரையும் உயிரிழந்தவரின் வயதையும் மாற்றினால் போதும், மீதி அப்படியே அச்சுக்குப் போய்விடும். நீண்ட காலமாக இந்த வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன். கட்டுப்பாடு எப்படி இழக்கப்பட்டது என்ற கேள்வி அதற்குள் எங்குமே இல்லை என்பது மிகப் பிந்தியே எனக்கு உறைத்தது.

காற்றடைத்த ரயரை ஜோன் பொய்ட் டன்லொப் பெல்பாஸ்ட் நகரில் 1888 இல் உருவாக்கினார். ஆரம்பகால ரயர்களின் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருந்தது. கார்களுக்கென வெட்டுத் தடங்கள் கொண்ட ரயரை ஜேர்மனியின் கொன்டினென்டல் நிறுவனம் 1904 இல் வெளியிட்டது. நனைந்த வீதி வழுக்கும் என்பது மாட்டுவண்டிக்காரருக்கே தெரிந்த விடயம். தண்ணீரும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பிடிப்பைக் குறைக்கின்றன, ஆகவே வீதியைச் சொரசொரப்பாக்கினால் சரியாகிவிடும் என்ற விளக்கம் பல தசாப்தங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் நேரான, நல்ல வீதியில், பிறேக்கைத் தொடாமலே சென்றுகொண்டிருந்த கார் திடீரென ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட மறுப்பதை அந்த விளக்கத்தால் தெளிவுபடுத்த முடியவில்லை. அதற்கான விடை வீதியில் கிடைக்கவில்லை. விமான ஓடுபாதையில்தான் கிடைத்தது.

ஓடுபாதையில் தேங்கும் நீர் என்ன செய்யும் என்பதை உலகம் கவனிக்க வைத்த துயரம் 1958 பெப்ரவரி 6 ஆம் திகதி ஜேர்மனியின் மியூனிக் நகரில் நடந்தது. மன்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்ட அணியினரை ஏற்றிய விமானம் மூன்றாவது தடவையாக மேலெழ முயன்றது. 117 நொட் வேகத்தை எட்டிய விமானம் மேலும் வேகம் பிடிப்பதற்குப் பதிலாக 105 நொட்டுக்கு இறங்கியது. ஓடுபாதையைத் தாண்டி ஒரு வீட்டுடன் மோதியது. 23 பேர் உயிரிழந்தனர். இறக்கைகளில் படிந்த பனிக்கட்டியை அகற்றத் தவறிவிட்டார் என்று ஜேர்மன் விசாரணையாளர்கள் கப்டன் ஜேம்ஸ் தெய்ன் மீது பழியைச் சுமத்தினர். அவர் வேலையை இழந்தார். ஓடுபாதையின் முடிவில் கிடந்த உருகிய பனிச்சேறே விமானத்தின் வேகத்தை விழுங்கியது என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பிரித்தானிய விசாரணையொன்று 1969 இல் அவர்மீது தவறில்லை எனத் தீர்ப்பளித்தது. பதினொரு ஆண்டுகள்! ஆறு ஆண்டுகள் கழித்து, 1975 இல், ஐம்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் அவர் காலமானார்.

பனிச்சேறு சில்லைப் பிடித்து இழுப்பதும் மழைநீர் சில்லைத் தூக்கிவிடுவதும் ஒன்றல்ல. எனினும், சில்லுக்கும் நிலத்துக்கும் இடையில் புகும் சில மில்லிமீற்றர் நீர் எத்துணை வலிமையானது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. அமெரிக்காவின் லாங்லி ஆய்வுகூடத்தில் 1957 அளவில், நனைந்த ஓடுபட்டி மீது சிறிய ரயரொன்றைச் சுழலவிட்டுப் பார்த்தபோது விசித்திரமொன்று தென்பட்டது. பட்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலிருந்த சில்லு மெல்லச் சுழற்சி குறைந்து நின்றுவிட்டது. சில்லு பட்டியைத் தொடவேயில்லை. இடையிலிருந்த நீர்ப்படலம் அதனைத் தாங்கிக்கொண்டிருந்தது. வோல்டர் ஹோர்னும் ரொபர்ட் ட்றேயரும் 1963 இல் நாஸாவுக்காக எழுதிய அறிக்கையில் இதற்குத் தெளிவான விளக்கம் கிடைத்தது. 'ஹைட்ரோபிளேனிங்' எனப்படும் இதனை நாம் நீர்மிதப்பு எனலாம்.

இதன் கணக்கு எளியது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனில் 22 மீற்றர் தூரம் போகிறது. வீதியில் 3 மில்லிமீற்றர் நீர் நிற்குமானால், 15 சென்ரிமீற்றர் அகலமான ஒரு ரயர் மட்டும் செக்கனுக்குச் சுமார் 10 லீற்றர் நீரை விலக்கியாக வேண்டும். விலக நேரமில்லாத நீர் ஆப்புப்போல முன்னால் திரண்டு ரயரின் கீழே நுழைகிறது. ரயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், எந்த வேகத்தில் (மணிக்கு மைல்களில்) ரயர் மிதக்கும் என்பது தெரியும் என்று ஹோர்ன் காட்டினார். சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் காற்றடித்த கார் ரயருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். காற்றுக் குறைந்து 24 இறாத்தலாக இருந்தால் 82 கிலோமீற்றர் அளவிலேயே மிதந்துவிடும். பாரமான கார் தரையை இறுகப் பிடிக்கும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இந்தச் சூத்திரத்தில் பாரத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்! (வெறுமையான லொறிகள் இதற்குக் கட்டுப்படாமல் குறைந்த வேகத்திலேயே மிதக்கின்றன என்று 1980களில் ஹோர்னே தமது கணக்கைத் திருத்தினார்.) நீரின் ஆழம் ரயரின் தடங்களை மிஞ்சும்போதே சூத்திரம் பொருந்தும். தடம் தேய்ந்த ரயருக்கு அந்த ஆழம் விரைவில் வந்துவிடும். ஐரோப்பிய நாடுகள் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் தட ஆழத்தைச் சட்டமாக்கியதன் பின்னணி இதுதான்.

நிவாரணமும் ஓடுபாதையிலிருந்தே வந்தது. நீர் வடிந்தோடக் கொங்கிறீற்றில் மெல்லிய பள்ளங்களை வெட்டும் முறையை பிரித்தானியர் 1956 இல் இராணுவ ஓடுபாதைகளில் தொடங்கினர். அமெரிக்காவில் வொஷிங்டன் தேசிய விமான நிலைய ஓடுபாதை 1967 இல் இவ்வாறு வெட்டப்பட்டது. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைகளும் இம்முறையைப் பின்பற்றின. சில்லு இறுகிப்போகாது தடுக்கும் பிறேக்கும் அப்படித்தான். 1950களில் விமானங்களுக்கென டன்லொப் செய்த கருவி 1966 இல் ஜென்சன் காரில் ஏறியது. 1978 இல் மேர்சிடிஸ் பென்ஸ் காரில் மின்னணு வடிவில் வந்தது. ஆனால் தரையைத் தொடாத சில்லுக்கு எந்த பிறேக்காலும் உதவ முடியாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

உலகின் மிகத் தேர்ந்த சாரதிகளுக்கும் விலக்கில்லை. ஜப்பானின் சுசுகா ஓட்டப் பந்தயத்தில் 2014 ஒக்டோபர் 5 ஆம் திகதி, மழையில் வளைவொன்றில் விலகிய காரை அகற்றப் பாரந்தூக்கி வந்திருந்தது. அதே வளைவில், அடுத்த சுற்றில், ஜூல்ஸ் பியாங்கியின் கார் விலகி அந்தப் பாரந்தூக்கி மீது மோதியது. ஒன்பது மாதங்கள் நினைவிழந்து கிடந்த அவர் 2015 ஜூலை 17 ஆம் திகதி 25 வயதில் காலமானார். அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்றது விசாரணைக் குழு. பாதையைக் குறுக்கறுத்து ஓடிய நீரையும் அது குறிப்பிட்டது. அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் எமது செய்திகள் எழுதுவதில்லை.

எமது நாட்டில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் உச்ச வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். மழை வேளையில் 60 ஆகக் குறைக்குமாறு அதிகாரிகள் அறிவிப்பது வழக்கம். ஹோர்னின் கணக்கோடு ஒப்பிட்டால் 60 என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பது விளங்கும். ஆனால் 100 இல் செல்பவருக்கு ஏன் 60 என்று எவரும் விளக்குவதில்லை. பத்திரிகைகளாகிய நாமும் விளக்கியதில்லை.

ஒரு மழை இரவில், வழமையான அந்த வாக்கியத்தோடு தொலைபேசியில் வந்த பிரதேச நிருபரிடம், ரயர் எப்படியிருந்தது, அந்த இடத்தில் தண்ணீர் நின்றதா என்று கேட்டேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. "அண்ணை, காரை அப்பவே இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள். இனி எங்க போய்ப் பாக்கிறது?" என்றார். அச்சுக்கு நேரமாகிவிட்டிருந்தது. செய்தி பழையபடியே போனது.