இடைக்காலத் தேர்தலும் கட்சிகளின் ஏற்றத்தாழ்வும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதியின் பதவிக்காலம் நான்காண்டு. அதன் நடுவே பிரதிநிதிகள் சபை முழுமைக்கும், செனட் சபையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கிற்கும் தேர்தல் நிகழும். இஃது இடைக்காலத் தேர்தல் எனப்படும். ஜனாதிபதி இதில் போட்டியிடாராயினும், அவரது ஆட்சியைக் குடிகள் நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் இதுவே என்க.

1946-ஆம் ஆண்டினை ஈண்டு நோக்குவோம். உலகப்போர் ஓய்ந்தபின் அந்நாட்டில் வேலைநிறுத்தங்கள் மலிந்தன, விலைவாசி உயர்ந்தது, இறைச்சியும் அரிதாயிற்று. மனம் நொந்த குடிகள் ட்ரூமனது ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டனர். குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 246 இடங்களும், செனட்டில் 51 இடங்களும் பெற்றது. ட்ரூமனது அரசியல் வாழ்வு முடிந்ததெனப் பலரும் துணிந்தனர்.

வென்றோர் 1947-இல் ஜனாதிபதியின் மறுப்பையும் மீறித் தொழிற்சங்கங்களை ஒடுக்கும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தை நிறைவேற்றினர். தொழிலாளர் வெகுண்டனர். 1948-இல் ட்ரூமன் புகைவண்டியில் ஊர்தோறும் சென்று, ஒன்றுஞ் செய்யாத சபையென அதனை இடித்துரைத்தார், தாமும் வென்றார், பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி 263 இடங்கள் பெற, செனட்டும் அதன் வசமாயிற்று.

எனினும் இடைக்காலத் தோல்வி யாவும் இவ்வாறு விரைவில் நீங்குமென்று கொள்ளற்க. 1994-இல் ஜனநாயகக் கட்சி நாற்பதாண்டு வகித்த பிரதிநிதிகள் சபையை இழந்தது. 1996-இல் கிளிண்டன் மீண்டும் ஜனாதிபதியானார். ஆயினும் அச்சபை மீளவில்லை.

ஆதலின், குடிகளின் சினம் வேறு, நம்பிக்கை வேறு. முன்னதனால் வந்த வெற்றியைப் பின்னதெனக் கருதுவோர் அதனை நெடிது காத்தல் அரிது.