இருபது பாட்டுத் திரட்டும் விடுபட்ட பெயர்களும்

ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பழைய இசைத்தட்டுக் கடைகளில் நான் அதிகம் புரட்டியவை டிஸ்கோ காலத்து போனி எம் குழுவின் திரட்டுகள். 1980இல் ஒன்று, 1992இல் ஒன்று. இரண்டிலும் இருபது பாட்டு. எது உசத்தி?

முதல் அளவுகோல் முழுமை. எல்.பி.யில் பக்கத்துக்குப் பத்துப் பாட்டு அடைக்கணும்னா கத்தரி போடாமல் முடியாது. 1978 இசைத்தட்டில் முந்தைய பாட்டின் தாளம் இடைவெளியின்றி 'ரஸ்புடின்' பாட்டுக்குள் நுழையும். 1980 திரட்டில் அந்த இணைப்பு இல்லை.

இரண்டாவது பெயர். மேடையில் ஆடியவர் பாபி ஃபேரல். தட்டில் ஒலிக்கும் ஆண்குரலோ தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. அட்டைப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இது நம்ம வீட்டு விஷயமும்கூட. அதே ஃபாரியன் இரப்ஷன் குழுவை வைத்துத் தயாரித்த 'ஒன் வே டிக்கெட்' மெட்டுதான், 1980இல் பப்பி லாஹிரி இசையமைத்த 'ப்யாரா துஷ்மன்' படத்தில் 'ஹரி ஓம் ஹரி' ஆனது. பாடியவர் பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸில் பாடிப் புகழ்பெற்ற, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப். நம் பொங்கல் விழாவில் அதற்கு ஆடிய பிள்ளைகளைக் கேட்டேன். பாடியது யார்னு ஒருத்தருக்கும் தெரியல.

எனவே அன்பர்களே, யார் பாடினார், எந்த வருஷம், முழுப் பாட்டா என்று சொல்லும் திரட்டே நல்ல திரட்டு. சொல்லாததை உறைமேல் நாமே எழுதி வைப்போம்.