கொழும்புத் திட்டமும் இலங்கைப் புகையிரதமும்

1948இல் சுதந்திரம் எய்திய இலங்கை குடியேற்ற ஆட்சியிடமிருந்து பெற்ற புகையிரத சேவை, பெருந்தோட்ட விளைபொருள்களைத் துறைமுகம் சேர்ப்பதையே முதல் நோக்காகக் கொண்டு உருவானதொன்று. போர்க்காலத்தில் ஓய்வின்றி உழைத்த நீராவி எஞ்சின்கள் தளர்ந்திருந்தன. அவற்றுக்கான நிலக்கரியும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. 1955இல் பொது முகாமையாளரான பி. டி. ரம்பாலா டீசலை நாடியதற்கு இவையும் காரணம் எனலாம்.

கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா வழங்கிய எஞ்சின்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கின. கொடுத்தவரை மறக்கவிடாத ஏற்பாடு அது! நீரும் கரியும் ஏற்றத் தரிக்கும் நிர்ப்பந்தம் நீங்கவே நெடுந்தூரக் கடுகதிச் சேவைகள் எளிதாயின. 1956 ஏப்ரல் 23இல் யாழ் தேவி ஓடத்தொடங்கிற்று. வடக்கும் தெற்கும் பயண நேரத்தால் நெருங்கிய அதே ஆண்டிலேயே தனிச்சிங்களச் சட்டமும் நிறைவேறியமை கசப்பான முரண்.

கொழும்பை அண்டிய பகுதியில் சமிக்ஞை முறை திருத்தப்பட்டதாயினும், பொல்காவலைக்கு வடக்கே ஒற்றைப் பாதையே நீடித்தது. நிலக்கரியின் இடத்தை இறக்குமதி எண்ணெய் பிடித்துக்கொண்டது. எஞ்சின் மாறியதேயன்றிச் சார்பு நிலை மாறவில்லை. 1990இல் போரினால் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணச் சேவை 2014இல் மீண்டபோதும், பாதையை மீளமைக்க உதவியது இந்தியக் கடனே.