சூசன்னாவும் கம்மாபுரமும்



தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் சூசன்னாவின் வரலாற்றை வாசிக்கிறோம். நீண்ட வாசகம் என்பதால் பல இடங்களில் குறுக்கி வாசித்துவிடுவதும் உண்டு. மூப்பர் இருவர் சொன்ன பொய்யை ஊர்ச்சபை முழுவதும் நம்பியது. அவர் குற்றமற்றவர் என்று வீட்டாருக்குத் தெரியும். அழுதார்களே தவிர, எதிர்த்துப் பேசவில்லை. இளைஞர் தானியேல் மட்டும் குரல் எழுப்பினார். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை.

இது பாபிலோனில் மட்டும் நடந்ததல்ல. 1993 மார்ச் மாதம், நமக்கு அருகே முதனை கிராமத்தைச் சேர்ந்த பழங்குடிக் கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணு மீது நகைத் திருட்டுப் பழி விழுந்தது. கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் நகை காணவில்லை. ஏழை, அதிலும் பழங்குடி. சந்தேகத்திற்கு அதுவே போதுமானதாயிற்று. கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். கும்பகோணம் பேருந்தில் நாம் கடந்து போகிறோமே, அந்த மீன்சுருட்டிப் பக்கம்தான் உடல் கிடந்தது. அவருடைய மனைவி பார்வதி ஓய்ந்துவிடவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர் கோவிந்தன் துணை நின்றார். வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடத்தினார். கொலைதான் என்று 2006-இல் தீர்ப்பு வந்தது, காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 13 ஆண்டுகள்! அவர்களோடு நிற்க நம் ஆலயங்களிலிருந்து எத்தனை பேர் போனோம் என்று கேட்டால், நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

அடித்தால் உண்மை வரும் என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியில் சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்து எரித்த காலத்தில், இயேசு சபைக் குரு பிரெடெரிக் ஸ்பே 1631-இல் தம் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். பெயர் தெரிந்திருந்தால் அவருக்கே ஆபத்து. மரணத் தண்டனை பெற்றவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் அவர். இப்படி வதைத்தால் குருக்களும் ஆயர்களும்கூடத் தாங்கள் சூனியக்காரர்களே என்று ஒப்புக்கொள்வார்கள் என்பது அவர் வாதம்.

நம் பங்குத் திருவிழாவில் ஒருமுறை ஒரு சகோதரியின் சங்கிலி காணாமல் போனது. நாம் என்ன செய்தோம்? நேரே பலூன் விற்க வந்திருந்த குடும்பத்திடம் போனோம். குழந்தை அழ அழ, மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னோம். பங்குத்தந்தையும் அங்கேதான் நின்றார், வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்தச் சகோதரியின் செபமாலைப் பையிலேயே சங்கிலி கிடைத்தது. பலூன்காரர்கள் முதல் பேருந்திலேயே ஊரைவிட்டுப் போய்விட்டிருந்தார்கள்.